முத்துராஜை ஃபர்ஸ்ட் பேஸுக்கு அனுப்பிய மழைக்காலம்

"துரோகி!"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. ஈரக் குடை, நனைந்த ஷூ, யாரோ அவசரப்பட்டுத் திறந்துவிட்ட எலுமிச்சைச் சாதம் என்று உள்ளே ஒரே கதம்ப வாசனை. அதற்கு நடுவே எழுந்து நின்று, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து அப்படிக் கத்தியவர் ஜெசிந்தா அக்கா.

"நம்ம பஸ்ல குந்திகினு நம்ம பையனையே வாணாம்ன்றியே, நீயெல்லாம் இன்னா ஆளு?"

பஸ் முழுவதும் ஆமாம் போட்டது. பக்கத்தில் இருந்த என் ஹாஸ்டல் தோழிகூட கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நான் கொலை ஒன்றும் செய்துவிடவில்லை. வரப்போகும் சீசனில் எங்கள் கம்பெனி பேஸ்பால் டீமுக்கு முத்துராஜ் பந்து வீச வேண்டாம் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

முத்துராஜும் அதே பஸ்ஸில்தான் இருந்தான். எனக்கு இரண்டு சீட் முன்னால், ஜன்னலோரம். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

ஸ்டம்ப் இல்லாத கிரிக்கெட்

சென்ற வாரம் ஹாஸ்டல் வார்டனைப் பற்றிப் படித்துவிட்டு, "அந்த அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். இருக்கிறார். இருங்காட்டுக்கோட்டையில் அதே நாற்காலியில், அதே டார்ச் லைட்டுடன் நலமாக இருக்கிறார். இந்த வாரம் அவரை விட்டுவிடுவோம்.

நான் வேலை பார்த்தது வல்லம் வடகாலில், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டமும் மேலுறையும் செய்கிற கம்பெனி. அதன் தலைமையில் ஒரு ஜப்பான்காரர் இருந்தார். அவருக்குப் பேஸ்பால் பைத்தியம். ஊரிலிருந்து வரும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு, பெட்டி நிறையக் கையுறையும் கட்டையும் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். கம்பெனிக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, லைனில் வேலை பார்க்கும் பையன்களைக் கூப்பிட்டு விளையாடவும் வைத்துவிட்டார்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த கம்பெனியிலும் ஒரு ஜப்பான்காரர் இருந்தார். அவருக்குக் கை சும்மா இருக்குமா? அங்கேயும் ஒரு டீம் முளைத்தது. பொங்கல் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கம்பெனிக்கும் போட்டி. ஜெயித்தவர்களுக்கு ஒரு ஷீல்டு. அந்த ஷீல்டு எங்கள் கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு மேலே இருந்தது. கை கழுவாதவர்கள்கூட அதைப் பார்க்க அந்தப் பக்கம் போய்வருவார்கள்.

முதல் முறை நான் மேட்ச் பார்க்கப் போனது அங்கே போடும் பிரியாணிக்காகத்தான். ஞாயிறு என்றால் ஹாஸ்டலில் பக்கெட்டுக்கு வரிசை, கொடிக்கயிற்றுக்குச் சண்டை. அதற்கு வெயிலில் உட்காருவது மேல் என்று போனேன். ரொம்ப நேரம் ஸ்டம்ப் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். யாரிடமாவது கேட்க வெட்கம்.

என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பந்தை எறிவார், அவர் பிட்சர். ஒருவர் கட்டையால் அடிப்பார். அடித்தவர் நாலு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும். அந்த மூலைகளையும் இடைவெளியையும் காப்பவர்கள்தான் இன்ஃபீல்டு. முதல் மூலை ஃபர்ஸ்ட் பேஸ். மற்றவர்கள் பந்தைப் பொறுக்கிப் பெரும்பாலும் அங்கேதான் எறிவார்கள். அங்கே நிற்பவருக்குப் பிடிப்பதுதான் வேலை. எறிகிற வேலை குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஈரக் கண்ணாடி மைதானம்

ஐப்பசி பிறந்தால் எங்கள் மைதானத்தில் தவளைகள் விளையாடும். அப்போது ஆட்டம் பஸ்ஸுக்குள் வந்துவிடும்.

பந்தைக் கண்டால் குனிந்துகொள்கிற ஆட்கள்தான் அதிகம் பேசுவார்கள். யாரை எங்கே நிறுத்துவது, யாரைக் கழற்றிவிடுவது என்று இருங்காட்டுக்கோட்டையில் ஆரம்பித்தால் கம்பெனி கேட் வரும்வரை ஓயாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன தேர்ட் பேஸ் பையன் கன்னம் உப்பித் திரும்பியதைப் பார்த்து, "இவன் இனிமே ஓடமாட்டான், உருளுவான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். இரண்டாவது மூலைக்கும் மூன்றாவது மூலைக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பஸ் ஏறியதும் தூங்கிவிடுவான். அவனுக்குப் பதில் ஆள் தேட வேண்டுமா என்ற விவாதம், அவன் குறட்டைக்கு மேலேயே நடந்தது.

டிரைவர் ஏழுமலை அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நடுநடுவே ஒரு வார்த்தை விடுவார். அவர் தலைக்கு மேல் வல்லக்கோட்டை முருகன் படம். போன சீசனில் ஜெசிந்தா அக்கா அந்தப் படத்தின் ஆணியிலேயே தன் ஜெபமாலையையும் மாட்டிவிட்டு, "ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கட்டும்" என்றார். ஷீல்டு வந்தது. அதற்குப் பிறகு அதைக் கழற்ற யாரும் விடவில்லை.

ஜெசிந்தா அக்காவுக்குப் பக்கத்து ஊர்தான். தையல் பிரிவு. எத்தனை மிஷின் ஓடினாலும் அவர் குரல் தனியாகக் கேட்கும். அவர் கணவரும் ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் இருந்தவர்தானாம். இப்போது ஒரகடம் கூட்டு ரோட்டில் தள்ளுவண்டியில் செல்போன் கவர் விற்கிறார். வண்டியைக் கடக்கும்போதெல்லாம் அக்கா ஜன்னல் வழியாகக் கை காட்டுவார், அவரும் காட்டுவார். பஸ்ஸே சேர்ந்து காட்டும்.

முதல் சீட்டில் உட்காருபவர் குமரேசன் சார். பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர், பேஸ்பால் டீமுக்கும் அவர்தான் பொறுப்பு. யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்வதும் அவரே. பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வருவார்.

விவாதம் சூடானால் ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடியில் மைதானத்தை வரைவது முத்துராஜின் வேலை. சாத்தூர் பக்கத்துப் பையன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், போன சீசன் ஷீல்டை வாங்கிக்கொடுத்த பிட்சர். விரலை எடுத்தால் நாலு மூலையும் அச்சடித்ததுபோல வரும். அதற்குள் ஆளுக்கொரு புள்ளி வைப்பான். மற்றவர்கள் எட்டி எட்டிப் புள்ளியை அழித்து இடம் மாற்றுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் அவன் வரைந்த மைதானம் கோணலாக இருந்தது. ஃபர்ஸ்ட் பேஸ் மேலே, தேர்ட் பேஸ் கீழே. பஸ் குலுங்கியிருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் கோணல். அப்புறம்தான் கவனித்தேன், அவன் இடது கையால் வரைந்துகொண்டிருந்தான்.

சொல்லக்கூடாத வார்த்தை

நான் குவாலிட்டியில் இருந்தவள். ஒரு கோணலைப் பார்த்துவிட்டால் தூக்கம் வராது, அது அந்த வேலையின் சாபம். அவனையே கவனிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் ஏறுவது இடது கையால். கம்பியைப் பிடிப்பது இடது கையால். வலது கையை மடியில் வைத்துக்கொள்கிறான், தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல.

கேன்டீனில் எதிரே போய் உட்கார்ந்தேன். "தோள்ல என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லயே."

"முத்துராஜு, எங்கிட்ட நடிக்காத."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசு. சுங்குவார்சத்திரத்துல டாக்டர்ட்ட போய்ட்டு வந்தேன். பந்து எறியுறத உடனே நிறுத்தணுமாம். அஞ்சாறு மாசம் தொடவே கூடாதாம். எறிஞ்சா உள்ள கிழிஞ்சிருமாம். எறியாம இருந்தா வேலைய மெல்லமாப் பாத்துக்கிடலாம்னாரு."

"அப்போ எறியலன்னு சொல்லிற வேண்டியதுதான?"

"யார்ட்ட சொல்ல? ஏன்னு கேப்பாங்கல்ல?"

அவன் பயம் எனக்குப் புரிந்தது. அவன் வேலை பெயின்ட் ஷாப்பில். தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் கொக்கிகள் வரும். இரும்புச் சட்டத்தைத் தூக்கி ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். முழுக்க முழுக்கத் தோள் வேலை. அவன் ட்ரெய்னி. தை மாதம் யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். அவன் பிரிவில் அதைச் சொல்ல வேண்டியவர் குமரேசன் சார்.

குமரேசன் சார் கெட்டவர் இல்லை. யாராவது வலி என்று சொன்னால் உடனே மெடிக்கல் ரூமுக்கு அனுப்பிவிடுவார். அங்கே போனவர் பெயர் மேலே போகும். மேலே போன ட்ரெய்னியின் பெயர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அதனால் எங்கள் பஸ்ஸில் காதல் தோல்வி முதல் மாமியார் சண்டைவரை எல்லாவற்றையும் பேசுவோம். வலியைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டோம்.

ஆக, பிட்சராக இறங்கினால் தோள் போகும், தோள் போனால் வேலையும் போகும். மாட்டேன் என்று சொன்னாலும் வேலை போகும். குமரேசன் சாருக்கே தானாகத் தோன்ற வேண்டும், இந்தப் பையன் பந்து வீச வேண்டாம் என்று. அந்த டீமிலேயே பெரிய பிட்சரைப் பற்றி அவருக்கு எப்படி அப்படித் தோன்றும்?

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். முருகனையும் ஜெபமாலையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். பிறகு, முத்துராஜ் பந்தை எதிர் டீம் படித்துவிட்டது, இந்த சீசன் அவன் எறிய வேண்டாம், ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கட்டும் என்று சத்தமாக ஆரம்பித்தேன். அதற்குக் கிடைத்த பதில்தான் நீங்கள் முதலில் படித்த 'துரோகி'.

லாரி நின்ற இடம்

அந்த வாரம் முழுவதும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "எதிர் கம்பெனிக்காரன் இவளுக்கு எவ்ளோ குடுத்தான்?" என்று கேட்டார்கள். எனக்கு 'ஃபர்ஸ்ட் பேஸ் சுதா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எனக்காக இடம் போட்டு வைப்பதை என் தோழி நிறுத்திவிட்டாள். அதுதான் உண்மையிலேயே வலித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த ஷீல்டு வேண்டும். முத்துராஜ் எறிந்து எதிரி கட்டை காற்றை வெட்டும்போது நான் போடும் கூச்சலை நீங்கள் கேட்டதில்லை. அவன் வேண்டாம் என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் வாயே என்னைத் திட்டியது.

ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீர். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றுவிட்டது. ஏழுமலை அண்ணன் இன்ஜினை அணைத்தார். குமரேசன் சாரால் எங்கும் இறங்கிப் போக முடியாது. இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தேன். அதற்குள் ஜெசிந்தா அக்கா எழுந்துவிட்டார்.

"சரி, இவன வுட்டா பந்து போட யாரு கீறா? தினகரனா? அவன் போட்டா பந்து வல்லக்கோட்ட கோயில் கொளத்துல போய் வுழும்!"

"அக்கா, நான் இங்கதான் கீறேன்" என்று பின்சீட்டிலிருந்து தினகரன் குரல் கொடுத்தான். வல்லத்துப் பையன். வேகமாக எறிவான், எங்கே எறிவான் என்பது அவனுக்கே தெரியாது.

"வேகம் இருக்குல்லக்கா" என்றேன். "குறிய பழகிக்கிடலாம். வேகத்த யாரு சொல்லிக்குடுக்க முடியும்?"

"அப்போ ஃபர்ஸ்ட் பேஸு? போன சீசன்ல அங்க நின்னவன் பந்து புடிச்சானா, கொசு புடிச்சானா?"

"அதத்தான நானும் சொல்றேன். அங்க நெட்டையா ஒரு ஆளு வேணும். மோசமா வர்ற பந்தையும் எட்டிப் பிடிக்கணும். நம்ம டீம்ல நெட்டையான ஆளு யாரு?"

எல்லோர் தலையும் முத்துராஜ் பக்கம் திரும்பியது. அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தான். அப்படியும் சீட்டுக்கு மேலே தெரிந்தான்.

"அவன் பந்த எதிர் டீமு படிச்சிட்டான்னு சொல்லிகினு திரியிறியே" என்றார் அக்கா. "அவனுங்க இன்னா பரீட்சைக்கா படிக்கிறானுங்க?"

"பின்ன? போன மேட்ச் முழுக்க போன்ல எடுத்தாங்கல்ல? நீங்கதானக்கா போய் அவங்கள திட்டிட்டு வந்தீங்க."

குமரேசன் சார் முதல்முறையாகத் திரும்பினார். "ஆமா, எடுத்தாங்க. நானும் பாத்தேன்."

கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"முத்துராஜ், நீ என்னப்பா சொல்ற?" என்றார் சார்.

"நீங்க எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கேன் சார்."

சார் ஆவி படிந்த தன் ஜன்னலில் தானே ஒரு மைதானத்தை வரைந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஃபர்ஸ்ட் பேஸில் ஒரு புள்ளி வைத்தார். "ட்ரை பண்ணிப் பாப்போம்."

"பாவம், ஷீல்டு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் ஜெசிந்தா அக்கா. லாரி நகர்ந்தது. அன்று அக்கா கேட்ட ஒவ்வொரு கேள்வியும் எனக்கு வாகாக வந்து அமைந்தது. என் வாய்ச் சாமர்த்தியம் என்று நினைத்து, ஹாஸ்டல் போய்ச் சேரும்வரை எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கை கழுவும் இடத்துக்கு மேலே

சுருக்கமாகச் சொல்கிறேன், இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. தோற்றோம்.

தினகரன் முதலில் எறிந்த பந்துகள், அடிப்பவருக்குப் பின்னால் பந்து பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்சர் தலைக்கு மேலே பறந்தன. ஒன்று பிரியாணி அண்டாவில் போய் 'டங்' என்று மோதியது. போகப்போகக் குறி வந்தது. வந்தபோது காலம் கடந்திருந்தது. ஒரே ஒரு ரன்னில் ஷீல்டு சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

ஆனால் ஃபர்ஸ்ட் பேஸில் முத்துராஜைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு காலை மூலையில் ஊன்றி, மறு காலை நீட்டி, கையுறை மாட்டிய இடது கையால் எதை எறிந்தாலும் பிடித்தான். வலது கை பேசாமல் பக்கத்தில் தொங்கியது. குமரேசன் சார் நாற்காலியை விட்டு எழுந்து, "இந்தப் பய இங்கதான்யா நிக்கணும்!" என்று கத்தினார். அதைக் கேட்டபோது தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

அடுத்த வாரம் கேன்டீனில் ஷீல்டு இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே கை கழுவிக்கொண்டிருந்தேன். முத்துராஜ் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தான்.

"என்னைய வச்சிக்கிட்டாங்க" என்றான். முகத்தைக் கழுவினான். ஏற்கெனவே கழுவிய முகம்தான். "டாக்டர்ட்ட திரும்பப் போனேன். ஆறிட்டு வருதாம்."

"இனிமேலாவது கண்ணாடில நேரா வரை" என்றேன். அவன் சிரித்தான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, குழாயடி என்பதால் தப்பித்தேன்.

அன்று மாலை பஸ் கம்பெனிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. குமரேசன் சார் கடைசியாகத்தான் ஏறுவார்; அவருக்காகக் காத்திருந்தோம். என் பக்கத்து சீட் வழக்கம்போலக் காலி. தோற்றதிலிருந்து அங்கே என் பை மட்டும்தான் உட்கார்ந்து வந்தது. ஜெசிந்தா அக்கா பையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தார். சண்டைக்குத் தயாரானேன்.

"பையனுக்கு வேல நின்னுச்சா?" என்றார். அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் உண்டு என்றே எனக்கு அதுவரை தெரியாது.

நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னாடி முழிக்கிற? எங்க வூட்டுக்காரரும் அதே கொக்கில இரும்பு மாட்டிகினு இருந்தவர்தான். தோளு போனா ஒரு ஆளு எந்தக் கையில சட்ட போடுவான், எந்தக் கையில பஸ்ஸு ஏறுவான்னு எனக்குத் தெரியாதா? அவரு போய் வலிக்குதுன்னு உள்ளத சொன்னாரு. அடுத்த மாசம் வூட்ல குந்திகினாரு."

"அப்போ ஏங்க்கா என்னைய அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"நீ ஒண்டியா கத்திகினு இருந்தா குமரேசன் சாரு சும்மா இருப்பாரா? ஏன் இந்தப் பொண்ணு இத்தயே சொல்லுதுன்னு யோசிக்கமாட்டாரு? எதுத்துப் பேச ஒரு ஆள் வாணாவா?"

அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கொசு, பரீட்சை, கோயில் குளம்.

குமரேசன் சார் படியில் கால் வைத்தார். ஜெசிந்தா அக்கா சட்டென்று எழுந்து, பஸ்ஸே அதிரும்படி ஆரம்பித்தார்.

"சார்! நம்ம ஷீல்டு யாரால போச்சு? தோ, இந்தத் துரோகியாலதான் சார்!"

ஒரு கை என்னை நோக்கி நீண்டிருந்தது. இன்னொரு கை, என் மடியில் இருந்த பைக்குக் கீழே, என் கையை இறுகப் பிடித்திருந்தது.